ஆசிரியனின் உடம்பு

1967-இல் ரோலான் பார்த் 'ஆசிரியனின் மரணம்' என்ற கட்டுரையை வெளியிட்டார். எழுதியவன் என்கிற அதிகார மையம் கலைந்துபோய் வாசகன் பிறக்கிறான் என்பதை வைத்து, தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளிலும் போதுமான அளவு சண்டை போட்டாயிற்று. அந்தச் சண்டைகளில் அதிகம் எழாத கேள்வி ஒன்று உண்டு. ஆசிரியன் செத்துவிட்டான் என்றால், புத்தகக் கடையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பது யார்? அவனைப் பார்க்க வரிசையில் நிற்பவர்களுக்கு வேண்டியது பிரதியா, அவன் உடம்பா?

பார்த்தின் கட்டுரைக்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1867 டிசம்பரில், பாஸ்டன் நகரில் சார்லஸ் டிக்கன்ஸ் மேடையேறினார். இந்தக் கேள்விக்கான பதிலை அங்கிருந்து தேடுவது நல்லது.

அது அவருடைய இரண்டாவது அமெரிக்கப் பயணம். முதல் பயணம் 1842-இல். போய் இறங்கியபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. நியூயார்க்கில் அவருக்காகப் பெரிய நடன விருந்தே வைத்தார்கள். தலைமுடியில் ஒரு கொத்து வெட்டித் தரும்படி கேட்டவர்களும் இருந்தார்கள். அவரோ விருந்து மேடைகளில் சர்வதேசப் பதிப்புரிமை பற்றிப் பேசினார். அமெரிக்கச் சட்டம் அந்நிய எழுத்தாளனுக்கு எந்த உரிமையும் தரவில்லை. அவர் நாவல்களை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம், காலணா கொடுக்க வேண்டியதில்லை. இதைச் சொன்னதுமே பத்திரிகைகள் பாய்ந்தன: விருந்துக்கு வந்தவன் காசு கேட்கிறானே! முடி கேட்ட சமூகம் ராயல்டியை மட்டும் அநாகரிகம் என்றது. அந்தச் சட்டம் மாற 1891 வரை ஆனது.

டிக்கன்ஸ் கண்டுகொண்ட வழி எளிமையானது. புத்தகத்தைத் திருடலாம், உடம்பைத் திருட முடியாது. 1853-இல் பர்மிங்ஹாமில் தர்ம காரியத்துக்காக வாசிக்கத் தொடங்கியவர், 1858 முதல் தமக்காகவே காசு வாங்கி வாசித்தார். நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் தடுத்துப் பார்த்தார். எழுத்தாளன் கூத்தாடி மாதிரி மேடையேறுவது கௌரவக் குறைச்சல் என்பது அவர் கட்சி. டிக்கன்ஸ் கேட்கவில்லை. 1867-68 குளிர்காலத்தில் அமெரிக்காவில் மட்டும் 76 வாசிப்புகள். ஏறத்தாழ 19,000 பவுன் லாபம். இரண்டு டாலர் டிக்கெட்டைக் கள்ளச் சந்தையில் பல மடங்குக்கு விற்றார்கள். பனியில், தெருவில் மெத்தை போட்டுப் படுத்து ஜனங்கள் இடம்பிடித்தார்கள். (சில அமெரிக்கப் பதிப்பகங்கள் அச்சுக்கு முந்தைய தாள்களுக்கு அவருக்குப் பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது அவர்கள் இஷ்டம்.)

வாசிப்பு என்றால் நாவலைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதல்ல. மேடைக்கென்றே தனிப் பிரதிகள் தயாரித்தார். பத்தி பத்தியாக அடித்தார், புதிதாகச் சேர்த்தார், ஓரத்தில் குரலுக்கும் சைகைக்கும் குறிப்பு எழுதினார். அதாவது பிரதி உடம்புக்கு ஏற்பத் திருத்தி எழுதப்பட்டது. 1869 ஜனவரியிலிருந்து 'ஆலிவர் ட்விஸ்ட்'டில் சைக்ஸ் நான்ஸியை அடித்துக் கொல்லும் காட்சியைச் சேர்த்துக்கொண்டார். கொல்கிறவனும் அவரே, கெஞ்சுகிறவளும் அவரே. வழக்கமாக 72 இருக்கிற நாடி, இறங்கி வரும்போது 110-ஐத் தாண்டியது. அந்த ஏப்ரலிலேயே பிரஸ்டன் நகரில் வைத்தியர் சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டார். அப்படியும் 1870 மார்ச் வரை லண்டனில் விடைபெறும் வாசிப்புகள் நடந்தன. ஜூன் 9-ஆம் தேதி இறந்தார், வயது 58. வாசிப்புகள்தான் அவரைக் கொன்றன என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது, ஆயுளைக் குறைத்தன என்று சொல்லலாம். ஆசிரியனின் மரணம் இங்கே உருவகமில்லை.

இதே வருஷங்களில் இங்கே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) ஊர் ஊராகப் போய்த் தலபுராணம் பாடி அரங்கேற்றிக்கொண்டிருந்தார். அரங்கேற்றம் பல நாள் நடக்கும். மாணவர் ஒருவர் பாட்டைப் படிக்க, பிள்ளையவர்கள் பொருள் சொல்வார். முடிவில் ஊர்ப் பிரபுக்கள் சம்மானம் செய்வார்கள். இதையும் 'ஆசிரியர் வருகை' என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் அடிப்படையே வேறு. அங்கே டிக்கெட் வாங்கியவன் எவனாக இருந்தாலும் உள்ளே போகலாம். இங்கே சாதியும் கல்வியும் வாசலில் நின்றன. அங்கே சந்தை விலை. இங்கே புரவலர் மனசு. அரங்கேற்றத்தை நம் மரபின் பெருமையாக மட்டும் எழுதுகிறவர்கள், பிள்ளையவர்களைக் கடைசிவரை விடாத கடன் தொல்லையை உ.வே.சா. பதிவு செய்திருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புரவலரை விட்டுச் சந்தைக்கு வந்ததால் எழுத்தாளன் விடுதலை ஆகிவிட்டானா என்றால், அதுவும் இல்லை. 1894-இல் பதிப்பகம் நொடித்துப்போன மார்க் ட்வைன், கடனை அடைக்க அறுபது வயதில் உலகம் சுற்றி, 1896-இல் பம்பாய், கல்கத்தா மேடைகளில் ஜோக் சொல்ல வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் உடம்பு சுருங்கிக் கையெழுத்து ஆனது. இரண்டு மணி நேரக் குரலுக்குப் பதில் அரை நிமிஷப் பேனா. ஒரே அச்சில் வந்த ஆயிரம் பிரதிகளில் என்னுடையது மட்டும் தனி என்கிற மயக்கம். வால்டர் பெஞ்சமின், இயந்திர மறுவுற்பத்தியில் கலைப்பொருள் இழக்கிறதென்று சொன்ன ஒளிவட்டத்தை, மை வைத்துத் திரும்ப ஒட்டுகிற வேலை. பயணம் செய்து அலுத்துப்போன மார்கரெட் அட்வுட், தூரத்திலிருந்தே கையெழுத்திடும் இயந்திரக் கையை 2006-இல் லண்டன் புத்தகச் சந்தையில் அறிமுகப்படுத்தினார். நிறையப் பேர் சிரித்தார்கள். ஆனால் அட்வுட் எதையும் மறைக்கவில்லை: அந்தப் பக்கம் எழுதுவது அவர் கைதான். 2022-இல் பாப் டிலனின் புத்தகத்தில் 900 பிரதிகள் 'அவர் கைப்பட'க் கையெழுத்திட்டவை என்று தலைக்கு 599 டாலருக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது எல்லாம் இயந்திரம் போட்டது என்று தெரிந்தது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலன் மன்னிப்புக் கேட்டார். புத்தகத்தில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. பாடலைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. அதற்காக யாரும் 599 டாலர் கொடுத்திருக்கவில்லை.