மழையே இல்லை, வடிகாலில் ஓடுவது என்ன? கொடுங்கையூர் கழிவுநீரைக் கண்காணிப்பது எப்படி?

கொடுங்கையூர் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது குப்பைக் கிடங்குதான். ஆனால் வடசென்னையின் கழிவுநீர் வந்து சேர வேண்டிய இடமும் இதுவே. சென்னைக் குடிநீர் வாரியத்தின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. 80, 80, 110 என மூன்று அலகுகளாக, நாளொன்றுக்கு 270 மில்லியன் லிட்டர், அதாவது 27 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அளவுக்கு வளர்ந்த நிலையம்.

அப்படியானால் நிலையம் ஒழுங்காக ஓடினால் கால்வாய் சுத்தமாகிவிடுமா? ஆகாது. கொடுங்கையூர் கால்வாயையும், வியாசர்பாடி வழியாக வரும் கேப்டன் காட்டன் கால்வாயையும் கெடுப்பதில் பெரும்பங்கு, நிலையத்துக்கே வந்து சேராத கழிவுநீருக்கு உண்டு. அளப்பதற்குக் கஷ்டமானதும் அதுதான்.

வழியில் எங்கே தப்பிப் போகிறது?

சென்னை தட்டையான ஊர். பாதாள சாக்கடையில் கழிவுநீர் சரிவில் தானாகவே ரொம்ப தூரம் ஓடாது. அதனால் அங்கங்கே உந்து நிலையங்கள் வைத்து, பம்ப் போட்டு மேலே ஏற்றி அடுத்த குழாய்க்கு அனுப்புகிறார்கள். ஒரு பம்ப் நின்றாலோ, குழாயில் பிளாஸ்டிக்கும் மண்ணும் ஓட்டல் எண்ணெய்க் கசடும் அடைத்துக்கொண்டாலோ, பின்னால் வரும் நீர் மட்டம் ஏறும். எந்த மேன்ஹோல் தாழ்வாக இருக்கிறதோ, அந்தத் தெருவில் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அங்கிருந்து மழைநீர் வடிகால், வடிகாலிலிருந்து கால்வாய்.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். சென்னையில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிக் குழாய்கள்தான். ஆனால் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால், “மேன்ஹோலைத் திறந்து விடுங்கப்பா” என்று யாராவது சொல்வார்கள். திறந்ததும் மழைநீர் முழுக்க சாக்கடைக் குழாய்க்குள் இறங்கும். உச்சநேர ஓட்டத்திலும் ஐந்தில் நான்கு பங்குதான் நிரம்ப வேண்டும் என்ற கணக்கில் வடிவமைக்கப்படும் குழாய், அதைத் தாங்காது. இங்கே திறந்தால் இன்னொரு தெருவில் பொங்கும்.

மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கொடுக்கப்படும் கழிவுநீர் இணைப்புகள் இன்னொரு வகை. அவை பொங்குவதே இல்லை. சத்தமில்லாமல் தினமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நிலையத்து மீட்டர் ஏன் போதாது?

பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீர் வெளியேறும் இடத்தில் இணையவழிக் கருவிகள் வைத்து, அளவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவதுதான் வழக்கமான கண்காணிப்பு முறை. முக்கியமான அளவு பி.ஓ.டி. தண்ணீரில் உள்ள கழிவைக் கிருமிகள் தின்று முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதைக் காட்டும் எண் இது. பெருநகர நிலையங்கள் வெளியேற்றும் நீரில் இது லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது மத்திய அரசின் 2017 அறிவிக்கை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் அதை 10 ஆகக் குறைக்கச் சொன்னது. ஒப்பிட்டுப் பார்க்க: குளிக்கத் தகுந்த ஆற்றில் இது 3 வரைதான் இருக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கையில் கூவத்தின் அளவு 345!

ஆனால் மீட்டர், தன்னைக் கடந்து போகும் தண்ணீரை மட்டுமே பார்க்கும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மேன்ஹோல் நாள் முழுக்க வழிந்தாலும், நிலையத்து எண் 10-க்குள் அழகாக இருக்கும். ஆய்வகத்தை நம்பினாலும் தாமதம்தான். இந்திய முறைப்படி பி.ஓ.டி. சோதனைக்கு 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்திருக்க வேண்டும். முடிவு வருவதற்குள் அந்தத் தண்ணீர் கடலுக்கே போயிருக்கும்.

வழிவதைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியுமா?

முடியும். அதற்கு மாசை அளப்பதைவிட மட்டத்தை அளப்பது சுலபம். மேன்ஹோல் மூடிக்கு அடியில் ஒரு சென்சார் வைத்தால், நீர் ஏறத் தொடங்கும்போதே எச்சரிக்கை வரும். வழிவதற்கு முன்பே ஜெட்டிங் இயந்திரத்தை அனுப்பலாம். அடைப்பு முற்றிய பிறகு ஒரு மனிதரைக் குழிக்குள் இறக்கும் சட்டவிரோத வேலைக்கும் இடமிருக்காது. பம்ப் ஓடிய நேரத்தைத் தினமும் பார்ப்பது இதைவிட மலிவு. வழக்கமாக 18 மணி நேரம் ஓடும் பம்ப் 10 மணி நேரம் மட்டும் ஓடியிருந்தால், மீதி நீர் எங்கே போனது?

கருவியே இல்லாத சோதனையும் உண்டு. சில நாட்களாக மழையே இல்லாதபோது மழைநீர் வடிகாலின் வாயிலிருந்து நீர் கொட்டினால், அதில் கழிவுநீர் இருக்கிறதா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். கணக்குப் போட்டும் கண்டுபிடிக்கலாம். விநியோகிக்கும் குடிநீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. நிலையத்துக்கு வருவது அதைவிட ரொம்பக் குறைந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது.

இங்கிலாந்தில் மழைநீரும் கழிவுநீரும் பல ஊர்களில் ஒரே குழாயில் போகின்றன. பெருமழையில் ஆற்றில் வழிந்துவிட அனுமதிக்கப்பட்ட வாய்கள் அங்கே 14 ஆயிரத்துக்கும் மேல். 2023 இறுதிக்குள் எல்லாவற்றிலும் கண்காணிப்புக் கருவி பொருத்தினார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 4,64,056 முறை வழிந்தது, மொத்தம் சுமார் 36 லட்சம் மணி நேரம் என்ற கணக்கு வெளியே வந்தது. எத்தனை லிட்டர் என்பதை அந்தக் கருவி சொல்லாது, அது ஒரு குறைதான். ஆனாலும் “எந்த வாய், எப்போது, எவ்வளவு நேரம்” என்பது மக்கள் கைக்கு வந்த பிறகு, தண்ணீர் நிறுவனங்களால் பழைய மாதிரி மழுப்ப முடியவில்லை.

கொடுங்கையூரில் வழிந்தால் எண்ணூருக்கு என்ன?

இந்தக் கால்வாய்கள் பக்கிங்காம் கால்வாயில் சேர, அது வடக்கே எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலியில் கசிந்த எண்ணெய் இந்த வழியாகத்தான் முகத்துவாரத்தில் படிந்தது. எண்ணெய் கறுப்பாகத் தெரிந்ததால் ஊரே பார்த்தது. கழிவுநீர் அப்படித் தெரியாது. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் இறாலும் நண்டும் குறைவது மட்டும் மீனவர் வலையில் தெரியும்.

நஷ்டம் இன்னொரு பக்கமும் உண்டு. கொடுங்கையூரில் 2019-ல் திறக்கப்பட்ட எதிர்சவ்வூடு பரவல் நிலையம், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை வடசென்னைத் தொழிற்சாலைகளுக்குத் தரும் திறன் கொண்டது. அதற்கு மூலப்பொருளே கழிவுநீர்தான்.

உங்கள் தெருவில் வழிந்தால்?

மேன்ஹோல் பொங்கினால் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணிலும், மழைநீர் வடிகாலில் கழிவுநீர் ஓடினால் மாநகராட்சியின் 1913 எண்ணிலும் புகார் கொடுக்கலாம். போட்டோ எடுக்கும்போது தேதி, நேரத்துடன் “மழை இல்லாத நாள்” என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே மேன்ஹோல் மறுபடி வழிந்தால், பழைய புகார் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.