கரிசல் மண்ணில் பூத்த தாமரைக் குளம்

மார்கழி முடிவதற்குள் தமிழ்நாட்டு வீடுகளின் சுவர் ஆணியில் சாமி மாறிவிடும். போன வருஷத்து முருகன் இறங்குவார், இந்த வருஷத்து லட்சுமி ஏறுவாள். மளிகைக் கடைக்காரர் கொடுத்தது, நகைக்கடையில் சுருட்டிக் கொடுத்தது, தெரிந்த அச்சகத்தில் கேட்டு வாங்கியது என்று ஒரே வீட்டில் நான்கைந்து காலண்டர் சேர்ந்திருக்கும். எது கூடத்துக்கு, எது அடுப்படிக்கு என்று முடிவு செய்வது பெரும்பாலும் அம்மாதான். படத்தைக் கையில் எடுத்துத் தள்ளிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது நல்லாருக்கு" என்பாள். கண்காட்சிக்கே போயிராத கோடிக்கணக்கான மனிதர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஓவியத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் நேரம் அது.

நான் கோவில்பட்டியில் படம் எழுதக் கற்றவன். என் குருநாதரும் அவருக்கு முந்தியவர்களும் அந்தத் தீர்ப்புக்காகவே வேலை செய்தார்கள். புத்தாண்டு பிறக்கும்போதெல்லாம் அவர்களுடைய சரித்திரம் எனக்குள் கிளம்பிவிடும். இந்த ஆண்டு அதை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் படங்களை அச்சடித்த சிவகாசியின் கதையை எல்லாரும் 1922-இல் தொடங்குவார்கள். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுவரக் கல்கத்தாவுக்குப் போன ஆண்டு அது. அடுத்த ஆண்டே ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். மழை பொய்த்த வானம் விவசாயத்தைக் கெடுத்தது. அதே காய்ந்த காற்று தீக்குச்சியும் பட்டாசும் உலர வாகாக இருந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக் கட்டுக்கு லேபிள் வேண்டும். அந்த லேபிளுக்காக வந்த அச்சகங்கள்தாம் பிறகு நாட்காட்டிக்கும் சாமி படத்துக்கும் கை நீட்டின.

எனக்கோ இந்தக் கதையை 1899-இல் தொடங்கத் தோன்றும். கோயில் நுழைவு கேட்ட நாடார்களுக்கும் மற்றவர்களுக்கும் மூண்ட பகையில் சிவகாசி சூறையாடப்பட்ட ஆண்டு அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1897-இல், கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததால் எழுந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. மதுரை மீனாட்சி கோயில் கதவு ஒடுக்கப்பட்டவர்களுக்கும் நாடார்களுக்கும் திறந்தது 1939 ஜூலையில். அந்த மீனாட்சியைப் பிற்பாடு லட்சம் லட்சமாக அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியது சிவகாசி. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிரும். சந்நிதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் ஊரிலிருந்து சாமி கிளம்பி, யார் வீட்டுச் சுவர் என்று கேட்காமல் எல்லார் ஆணியிலும் ஏறியது. காலண்டர் படத்தை இளக்காரமாகப் பேசுகிற படித்த நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அச்சில் சாமி படம் வீட்டுக்கு வர வழி போட்டவர் ஓவியர் ரவிவர்மா, சந்தேகமில்லை. 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்து, ஜெர்மன் தொழிலாளிகளையும் கல்லச்சு எந்திரங்களையும் கொண்டுவந்து, தன் எண்ணெய் ஓவியங்களை வண்ணப் பிரதிகளாக்கினார். அதுவரை பெரும்பாலும் தஞ்சாவூர்ப் படம் வாங்க வசதி இருந்த வீடுகளில் இருந்த சாமி, சில அணா விலையில் சாதாரண வீட்டுக்கு வந்தது. ஆனால் அவருடைய சரஸ்வதியின் முன் நிற்கும்போது, பாறையில் அமர்ந்து வீணை வாசிக்கும் ஓர் அழகிய பெண்மணியைத்தான் நான் பார்க்கிறேன். கும்பிடத் தோன்றுவதற்கு முன் ரசிக்கத் தோன்றிவிடுகிறது. கோயிலில் திரை விலகியதும் எதிரே நிற்பவனை நேருக்கு நேர் பார்க்கும் அந்த முகம், அந்த அலங்காரம், கழுத்து மாலையின் கனம், இவை காகிதத்துக்கு வர இன்னொருவர் தேவைப்பட்டார்.

அவர் சி. கொண்டையராஜு. 1898-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். எழும்பூர் ஓவியப் பள்ளியில் பயின்றவர். துறவு நாட்டத்தில் திருவண்ணாமலைக்குப் போய் ரமணாச்ரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதும் ஓவியராக ஊர் ஊராகப் போனார். 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டிக்கு வந்து, இங்கேயே கலைந்தது. அவர் இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். ஒரு நாடகக் கம்பெனி நொடித்ததில் ஓர் ஊருக்கு ஓவிய மரபு கிடைத்தது. தேவி ஆர்ட் ஸ்டூடியோ உருவானது. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், எஸ். மீனாட்சிசுந்தரம், ஜி. செண்பகராமன் என்று சீடர்கள் வளர்ந்தார்கள். தென்னகம் எங்கும் பூஜை அறைகளில் இவர்கள் எழுதிய சாமிகள் இருக்கின்றன. 1976-இல் ராஜு மறைந்தார். பல படங்களின் மூலையில் அவர் பெயரும் சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும். சீடனுக்குத் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்த குரு அவர்.

நாடகத்துக்குச் சீன் எழுதிய கை என்பதை அவர் படங்களில் எங்கும் பார்க்கலாம். நாடகப் படுதாவில் முன்னால் இரண்டு தூண், ஓரத்தில் ஒதுக்கிக் கட்டிய பட்டுத் திரை, கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் குளம், குளத்துக்கு அப்பால் நீல மலை, மலைக்கு மேல் விடியல் சிவப்பு. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிகிற மாதிரி நிறம் அழுத்தமாக இருக்க வேண்டும். இந்த மேடையின் நடுவே, கதாபாத்திரம் நிற்கும் இடத்தில், கருவறை மூர்த்தியைக் கொண்டுவந்து நேராகப் பார்க்க உட்கார்த்தினார் ராஜு. பள்ளியில் கற்ற உடற்கூறு, மேடையில் கற்ற ஆழம், கோயிலில் கண்ட அலங்காரம் மூன்றும் அந்தச் சட்டத்துக்குள் சண்டையில்லாமல் இருந்தன. அவருடைய கஜலட்சுமியைப் பாருங்கள். தாமரை மேல் அமர்ந்திருக்கிறாள், இரு யானைகளும் நீர் வார்க்கின்றன, பின்னால் தளும்பத் தளும்பத் தண்ணீர்.

தண்ணீர்! இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கோவில்பட்டி கரிசல் பூமி. சித்திரையில் வயலில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும் மண். கம்பும் பருத்தியும் வானத்தை நம்பியே நிற்கும். ஒரு குடம் தண்ணீருக்காக எங்கள் தாய்மார் நடந்த தூரம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊரில் உட்கார்ந்துதான் இவர்கள் வற்றாத தடாகங்களை எழுதினார்கள். இளஞ்சிவப்புத் தாமரை, இலைமேல் உருளும் நீர்த்துளி, அன்னம், படித்துறை. யதார்த்தத்தை மறைத்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வெயிலில் நடந்து வந்தவள் கதவைத் திறந்ததும் அவள் கண்ணுக்கு ஒரு குளம் வேண்டும் என்று ஓர் ஓவியன் நினைத்திருக்கிறான். சந்தோஷத்தை எழுதுவது சுலபமான வேலை என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் போனது.

குருநாதர் என்னை முதலில் கல் வைக்கத்தான் பழக்கினார். கிரீடத்தில் வரும் கெம்புக் கல் ஒன்றுக்கு மூன்று தொடல். அணில்முடி பிரஷ்ஷால் இருட்டுச் சிவப்பு ஒரு சொட்டு. அது காய்ந்ததும் கீழ் ஓரத்தில் பிறை போல வெளிர் சிவப்பு. கடைசியாக இடது மேல் மூலையில் ஊசிமுனை அளவு வெள்ளை. அந்த வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் கல் எழுந்து நிற்கும். மயிரிழை தள்ளினால் செத்துவிடும். முத்துக்குக் கணக்கு வேறு: சாம்பல், வெள்ளை, அடியில் தங்கத்தின் சாயல் விழுந்த துளி மஞ்சள். ஒரு கிரீடத்தில் இப்படி எத்தனையோ கற்கள். பின்வரிசைக் கற்களில் மூன்றாவது தொடலை நான் விட்டுவிட்ட ஒருநாள், அவர் படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதை வாங்கிட்டுப் போறவன் வீட்டுல ஒரு புள்ளை மூணாம் மாசம் காய்ச்சல்ல படுத்துக் கெடக்கும். அதுக்குப் பாக்க வேற என்ன இருக்கு? அது கண்ணு இந்தக் கிரீடத்துல கல்லு கல்லா நடந்து போகும். அந்தப் புள்ளைக்கு ஒரு கல்லு கொறையலாமாடா?"

வேறு எந்தக் கலைப் பாடமும் எனக்கு இவ்வளவு ஆழமாக இறங்கியதில்லை. கண்காட்சிப் படத்தை மனிதர்கள் சில நிமிஷம் பார்ப்பார்கள். காலண்டர் படத்தை ஒரு குடும்பம் 365 நாளும் பார்க்கும். பால் கணக்கு எழுதும்போதும், பரீட்சைக்குப் போகும்போதும், சாவு வீட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு நிற்கும்போதும் அதே முகம். முதல் நாள் திகைக்க வைத்துவிட்டு மூன்றாம் மாதம் சலித்துப்போகும் படம் அங்கே ஆகாது. அதனால்தான் லட்சுமி உட்கார்ந்தே இருப்பாள். நின்றால் கிளம்பிவிடுவாள் என்பது வீடுகளின் நம்பிக்கை. அதனால்தான் நரசிம்மர் மடியில் லட்சுமியோடு வருவார். உதட்டில் புன்னகை பாதிதான் இருக்கும், மீதியைப் பார்ப்பவரின் அன்றைய மனசு போட்டுக்கொள்ளும். கண்ணைக் கடைசியில் திறப்போம். அன்று பட்டறையில் ஒரு சூடமாவது ஏற்றாமல் குருநாதர் பிரஷ்ஷைத் தொடமாட்டார்.

எங்களுக்குப் புத்தாண்டு கோடையிலேயே வந்துவிடும். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். முகவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஆர்டர் பிடிப்பார்கள். இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற சரக்கு உண்டு. அதற்கு முன்பே படம் அச்சக அண்ணாச்சியின் மேசைக்குப் போயாக வேண்டும். கல்லச்சுக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் கைவேலை. ஆஃப்செட் வந்தபின் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகள். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும். பிசகினால் அம்மனுக்கு உதடு இரண்டாகிவிடும். அச்சில் எந்த நிறம் வெளுக்கும், எது கறுக்கும் என்று தெரிந்து, அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ வண்ணம் வைப்பவன்தான் இந்தத் தொழிலில் நின்றான்.

கணினி வந்தபின் கையால் எழுதும் ஆர்டர் வெகுவாகக் குறைந்தது. பழைய படத்தின் முகத்தை எடுத்துப் புதுப் பின்னணியில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த மரபு ஒருமுறை நாடகக் கம்பெனி கலைந்த இடத்தில் முளைத்தது என்பதை நான் மறப்பதில்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு சிறுமியிடம் கஜலட்சுமியைப் பார்த்து எழுதச் சொன்னேன். அவள் யானைகளை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் வெள்ளாடுகளை நிறுத்தியிருந்தாள். படித்துறைக் குளம் அவள் ஊர் ஊருணியாகிவிட்டது. கரையில் கருவேலமரம், மரத்தடியில் தண்ணீர்க்குடத்தோடு அவள் பாட்டி. தண்ணீர் மட்டும் பழையபடி விளிம்பு வரை. "யானையை எங்க ஊர்ல பாத்ததே இல்ல சார்" என்றாள். கொண்டையராஜு இருந்திருந்தால் அந்தப் பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்காரவைத்திருப்பார். நான் உட்காரவைத்திருக்கிறேன். வருகிற ஆடிக்குள் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு படம் முடிக்கப் போகிறோம். மூலையில் இரண்டு பெயரும் இருக்கும்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். இந்த ஊர் தமிழ் வீடுகளுக்குக் கொடுத்த இன்னொரு சொத்து பரண்களிலும் பூஜை அறைகளிலும் கிடக்கிறது. இந்தத் தையில் வீடு வெள்ளையடிக்கச் சட்டம் போட்ட பழைய சாமி படங்களைக் கழற்றுவீர்கள் அல்லவா? தூக்கி எறிவதற்கு முன் துடைத்துவிட்டு, கீழ் மூலையைப் பாருங்கள். சின்ன ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் இருக்கலாம். இருந்தால் அதை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். படம் எந்த வருஷம், யார் வாங்கி வந்தது என்று தெரிந்த பெரியவரிடம் கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். பிறகு மறுபடி ஆணியில் மாட்டிவிடுங்கள்.