இரைச்சல் என்றொரு வழக்கு

மாதேசுவர மலைக்கு அண்மையில் மார்டள்ளி என்றோர் ஊர் உண்டு. மைசூர் மாவட்டத்துக் கிராமம் என்றே நெடுநாள் வழங்கிவந்தது; 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்குகிறது. 1956 வரையில் கொள்ளேகால் வட்டம் முழுவதுமே சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கன்னட நாட்டின் எல்லைக்குள் இருப்பினும், அவ்வூர்த் திண்ணைகளில் இன்றும் தமிழே ஒலிக்கக் கேட்கிறோம்.

அங்கே என் தமக்கையார் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை நடந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். பெங்களூரில் பணிபுரியும் அக்காள் மகனும் அவன் தோழனும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். மேனாட்டு 'ராக்' இசையில் மிகக் கரடுமுரடான பாட்டுகள் இரண்டை மாறி மாறி ஒலிக்கவிட்டு, இவற்றுள் எது உயர்ந்தது என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, மாவு மில்லில் பெல்ட்டு அறுந்துபோச்சா?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பிறகு மருமகன் என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்கள் மொழிபெயர்ப்பாளர் ஆயிற்றே, 'நாய்ஸ்' என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவீர்கள்?" என்றான். "இரைச்சல்" என்றேன், சிறிதும் தயங்காமல். "அப்படியானால் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்" என்றான் அவன்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. அரசாங்கக் கோப்புகளில் அச்சொல்லைப் பன்முறை எழுதியிருக்கிறேன். ஒருமுறையேனும் நின்று எண்ணிப் பார்த்ததில்லை. கடல் இரைகிறது, மழை இரைகிறது என்று நாமே சொல்கிறோம். அவற்றை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. தொல்காப்பியனார் செய்யுளியலில் வண்ணம் இருபது என்று வகுத்தபோது, மெல்லிசை வண்ணத்துக்கு அருகிலேயே வல்லிசை வண்ணத்தையும் வைத்தார். வல்லெழுத்து மிக்கு வருவதும் செவிக்கு ஒரு சுவை என்பதை இலக்கணமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

நம் தம்புராவைப் பாருங்கள். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு சிறு நூலை நுழைத்து முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஜீவாளி என்று அதற்குப் பெயர். நூல் உரிய இடத்தில் அமர்ந்தால் தந்தி குதிரையை மெல்ல உரசி, வண்டு ரீங்காரம்போல் ஓர் அதிர்வு எழுகிறது. தந்தி தனியே எழுப்பும் ஒலி தெளிவாகத்தான் இருக்கும். அந்த உரசலை வேண்டுமென்றே சேர்த்த பிறகுதான் அதற்கு 'ஜீவன்' வந்ததாக நம் முன்னோர் கண்டனர். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட தம் நூலில், நெருங்கிய இரு சுரங்கள் சேர்ந்தொலிக்கும்போது பிறக்கும் விம்மல்களே கரகரப்புக்குக் காரணம் என்று விளக்கினார். விம்மல்கள் நொடிக்கு முப்பதை அடுத்து வரும்போது அக்கரகரப்பு மிகுந்து செவியை அறுக்கிறது. ஆயினும் எவ்வளவு கரகரப்பைச் செவி ஏற்கும் என்பது பழக்கத்தையும் பொறுத்தது.

மேனாட்டில் இவ்வழக்கை வெளிப்படையாகத் தொடங்கியவர் லூயிஜி ருசோலோ என்ற இத்தாலியர். அவர் ஓவியர் என்பது கவனிக்கத்தக்கது. தொழிற்சாலையும் டிராமும் நிறைந்த நகரத்தில் வாழ்பவனுக்குப் பழைய சுரங்கள் போதா என்று 1913-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். உறுமல், சீறல், வெடிப்பு ஆகியவற்றை எழுப்பும் பெட்டிகளைத் தாமே செய்து, 1914 ஏப்ரலில் மிலான் நகரத்து அரங்கொன்றில் கச்சேரி நடத்தினார். அரங்கில் கைகலப்பே மூண்டது.

ராக் இசைக்குள் கரகரப்பு புகுந்த கதை வேறு. அங்கே அறிக்கை எதுவும் இல்லை, பென்சில்தான் இருந்தது. அமெரிக்கரான லிங்க் ரே என்பார், 1958-இல் வெளிவந்த 'ரம்பிள்' என்னும் இசைத்தட்டுக்காகத் தம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் பென்சிலால் துளையிட்டார். சொல் ஒன்றுகூட இல்லாத அந்த வாத்திய இசையை அங்கே சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. 1964-இல் இலண்டனில் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் அதே கூம்பைச் சவரத் தகட்டால் கீறினார். ஒலிபெருக்கியின் ஆற்றலுக்கு மேல் ஓசையைச் செலுத்தினால் அலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிறது. மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் பல அதனால் பிறக்கின்றன. பொறியாளர் பழுது என்று கருதிய ஒன்றை வாத்தியக்காரர் குரலாகக் கொண்டார்.

திண்ணையில் விவாதிக்கப்பட்ட முதற்பாட்டு, 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' என்னும் நியூயார்க் குழு 1968-இல் வெளியிட்ட 'சிஸ்டர் ரே'. பதினேழு நிமிடங்களுக்கு மேல் நீளும் இப்பாட்டை ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். அடித்தள ஒலிக்கான 'பேஸ்' கிதார் இதில் கிடையாது. கிதாரும் ஆர்கனும் ஒன்றையொன்று அமுக்கப் போட்டியிடும் முழக்கமே பாட்டு. ஆர்கன் வாசித்த ஜான் கேல் வேல்ஸ் நாட்டவர். அதற்கு முன் லா மான்ட் யங் என்பாரின் குழுவில் வயோலாவில் நீண்ட ஆதார சுருதியை மணிக்கணக்காக இழுத்துப் பழகியவர். வயோலாவின் குதிரையைத் தேய்த்துத் தட்டையாக்கிக் கிதார்த் தந்திகளைப் பூட்டியவர். அந்த யங்கோ 1970-இல் கிரானா மரபினரான பண்டிட் பிராண் நாத்திடம் சீடரானார். தம்புராவின் உறவு இப்படிச் சுற்றிக்கொண்டு வருவதை அறிந்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது.

அக்குழுவின் லூ ரீட் பின்னர் 1975-இல் 'மெட்டல் மெஷின் மியூசிக்' என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டார். அதில் பாட்டில்லை, தாளமில்லை. ஒலிபெருக்கிகளுக்கு எதிரே சாத்திவைத்த கிதார்கள் தாமே எழுப்பிய ஊளையொலி நான்கு பக்கங்களிலும் நிறைந்திருந்தது. நான்காம் பக்கத்தின் இறுதியில் பள்ளம் தன்னையே வட்டமிடுமாறு வெட்டப்பட்டிருந்ததால், கேட்பவர் எழுந்து ஊசியை எடுக்கும்வரை ஓசை ஓயாது. வாங்கியவர் பலர் கடைக்கே திருப்பிக் கொடுத்தனர். லெஸ்டர் பாங்ஸ் என்ற விமர்சகரோ இதைவிடச் சிறந்த இசைத்தட்டு உலகில் இல்லை என்று, பாதி கேலியும் பாதி உண்மையுமாக எழுதினார். வெறும் ஏமாற்று வேலை என்றும் மாபெரும் படைப்பு என்றும் ரசிகர்கள் பல ஆண்டுகள் பூசலிட்டனர். இதனிடையே உல்ரிக் கிரீகர் என்ற ஜெர்மானிய சாக்சபோன் கலைஞர் அந்த ஊளையொலியைப் பொறுமையாகக் கேட்டுச் சுரக்குறிப்பாக எழுதினார். 2002-இல் பெர்லினில் ஓர் இசைக்குழு வயலின் முதலிய கருவிகளில் அதை வாசித்தது. எழுதி வாசிக்கக்கூடிய அளவுக்கு அதனுள் ஒழுங்கு இருந்தது என்பதே அப்பூசலுக்குக் கிடைத்த தக்க விடை என்று நான் எண்ணுகிறேன்.

இரண்டாம் பாட்டு மேற்குப் பெர்லினில் 1980-இல் தோன்றிய 'ஐன்ஷ்டூர்ட்செண்டே நொய்பாவுட்டன்' குழுவினுடையது. பெயரின் பொருள் 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்'. இரும்புத் துண்டு, தகரம், துளையிடும் இயந்திரம் ஆகியவையே இவர்களுடைய வாத்தியங்கள். தொடக்க காலப் பதிவொன்றை நெடுஞ்சாலைப் பாலத்தின் உட்குடைவில் புகுந்து செய்தார்கள். 1984 ஜனவரியில் இலண்டன் கலைக்கழகம் ஒன்றின் மேடையையே துளையிடத் தொடங்கவும், நிர்வாகிகள் குறுக்கிட்டு நிறுத்த நேர்ந்தது.

நம் நாட்டில் இத்தகைய வழக்குகள் இல்லையா? இருந்தன, அவற்றில் தீர்ப்புக் கூற வானொலியே முன்வந்தது. கமகத்துக்கு இணங்காத அந்நியக் கருவி என்று சொல்லி, 1940 மார்ச்சு முதல் நாள் தொட்டு ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி விலக்கியது. கவி தாகூரும் அதை ஆதரித்தார். ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து, 1971-இல்தான் தடை தளர்ந்தது. அதற்குள் வீடுகளிலும் பஜனை மடங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் ஆர்மோனியம் தன் பாட்டில் ஒலித்துக்கொண்டிருந்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட்டபோது, நேயர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதி தொடங்க வேண்டியதாயிற்று. மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், அதைக் கமகத்துக்கு வசப்படுத்தப் பல்லாண்டு உழைத்ததும் நாடறிந்த செய்தி.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஓர் ஒலியை இரைச்சல் என்று தள்ளும்போது, அதை எழுப்புபவர் யார் என்ற கணக்கும் நம்மிடம் உள்ளே ஓடுகிறது. பறையைத் தெருவோடு நிறுத்தியவர்கள் அதன் ஓசையளவைச் சோதித்துப் பார்த்துவிட்டா நிறுத்தினார்கள்? 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் பறையையும் கிதாரையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, பலர் காதில் விழுந்தது வெறும் கூச்சல் அன்று.

திண்ணைக்குத் திரும்புவோம். மருமகனின் வாதம் இது: 'சிஸ்டர் ரே'யில் எவ்வளவு முழங்கினாலும் அடியில் ஒரே தாளம் விடாது செல்கிறது, ஆகையால் கரகரப்பு வீணாகவில்லை. தோழனின் மறுப்பு: கிதாரைப் பிடித்துக்கொண்டே எவ்வளவு தூரம் போக முடியும்? பெர்லின்காரர்கள் கருவியையே விட்டெறிந்தார்கள், துணிவு அவர்களுடையதே. நான் தோழன் பக்கம் சாய்ந்தேன் எனினும் வாய் திறக்கவில்லை. முன்பே ஒரு தீர்ப்பு எழுதி மாட்டிக்கொண்டவன் அல்லவா?

எதிர்வீட்டுப் பெரியவர் இதற்குள் வந்து படியில் அமர்ந்திருந்தார். இளமையில் ஊர்வலங்களில் தப்பட்டை அடித்தவர். 'சிஸ்டர் ரே' பாதி ஓடியதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இந்த மேளக்காரன் இத்தனை நேரமும் ஒரே அடியை அடிக்கிறானே, உட்கார்ந்தா, நின்றா?"

"பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வாசிப்பாராம், தாத்தா. அவர் ஒரு பெண்மணி" என்றான் மருமகன்.

பெரியவர் சற்று நேரம் தம் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "முதலிலிருந்து போடு" என்றார்.