கம்பும் பந்தும்: வலிமை ஓர் அமானிதம்



அஸர் தொழுகை முடிந்தபின் சேவுகம்பட்டி போன்ற நம் திண்டுக்கல் சமவெளி ஊர்களில் பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு வெற்று நிலம் தேடிப் புறப்படுகிறார்கள். பெற்றோர் சிலர் அதை வீண்பொழுது என்று கடிந்துகொள்கின்றனர். சிலம்பம் கற்க அனுப்பலாமா என்று கேட்டாலோ, "பந்து விளையாடுகிறவனுக்குக் கம்பு எதற்கு?" என்ற கேள்வி எழுகிறது. இவ்விரண்டுக்கும் வரலாறு தரும் விடையைச் சுருக்கமாகக் காண்போம்.

மதீனாவின் முற்றத்தில்

ஒரு பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தினர். உமர் (ரலி) அவர்கள் அதைத் தடுக்க முனைந்தபோது நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடச் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டு களிக்கத் தாமே மறைப்பாக நின்றார்கள். புகாரி பதிவு செய்துள்ள செய்தி இது. குறைஷியரின் பெயர்பெற்ற மல்லர் ருகானாவை நபி (ஸல்) அவர்கள் மற்போரில் வீழ்த்திய செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் உள்ளது. வலிமையுள்ள இறைநம்பிக்கையாளர், வலிமை குன்றியவரைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்றும், இருவரிடமும் நன்மை உண்டு என்றும் அண்ணலார் அறிவித்ததை முஸ்லிம் நூலில் காண்கிறோம். ஆக, உடற்பயிற்சி மார்க்கத்துக்கு அயலானது அன்று.

நம் மண்ணின் கம்பு

திண்டுக்கல் போர்க்கலைக்குப் பழகிய மண். 1755இல் ஹைதர் அலி இங்குப் பவுஜ்தாராகப் பொறுப்பேற்றார். பிரெஞ்சுக்காரரின் துணையோடு தம் பீரங்கிப் படைக்கு இங்கேதான் அடித்தளமிட்டார். நாட்டை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்த விருப்பாச்சியும் இதே வட்டாரத்தில் உள்ளது. அவருக்குத் துணை நின்றவரும் ஹைதர் அலியே.

தமிழரின் சிலம்பத்தில் முஸ்லிம்களின் சுவடும் கலந்திருக்கிறது. ஆட்டத்துக்கு முன் செய்யும் வணக்க முறைக்குச் சலாவரிசை என்று பெயர். சிலம்ப வகைகளுள் ஒன்று துலுக்காணம் என்றே வழங்கப்படுகிறது. பெருநாள், திருமண ஊர்வலங்களில் கம்பு சுழற்றிய முதியோரை நம் குடும்பங்கள் பலவும் இன்றும் நினைவுகூரும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

சிலம்பத்தின் உயிர் காலடியில் இருக்கிறது. பாதம் பழகாதவன் கையில் கம்பு நில்லாது. உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு நொடியில் மாற்றுதல், இடுப்பைத் திருப்பித் திசை மாறுதல், தாழ்ந்து நின்று நிலைகுலையாதிருத்தல், எதிராளியின் அசைவைக் கண்ணால் முன்னறிதல், வலக்கையும் இடக்கையும் சமமாகப் பழகுதல் ஆகியவையே அதன் பாடங்கள். கால்பந்து வீரனுக்கும் இவையே தேவை. எதிராளியை ஏய்த்துத் திரும்புவதும், தோளோடு தோள் மோதும்போது விழாமல் நிற்பதும், எம்பித் தலையால் முட்டிவிட்டுக் காயமின்றித் தரையிறங்குவதும் காலும் இடுப்பும் பெற்ற பயிற்சியால் வருபவை.

களத்தில் கண்ட சான்றுகள்

சுவீடனின் ஸ்லாத்தான் இப்ராஹிமோவிச், போஸ்னிய முஸ்லிம் தந்தைக்கு மால்மோ நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே டேக்வாண்டோ பயின்றவர். ஏறத்தாழ 6 அடி 5 அங்குல உயரமுள்ள அவர், தலைக்குமேல் காலைத் தூக்கிப் பந்தை உதைப்பதைக் கண்டு உலகம் வியந்தது. 2012 நவம்பர் 14 அன்று இங்கிலாந்துக்கு எதிராக, கோலிலிருந்து ஏறக்குறைய 30 கெஜத் தொலைவில் அந்தரத்தில் தலைகீழாய்ப் பாய்ந்து அவர் அடித்த கோலுக்குப் புஷ்காஷ் விருது கிடைத்தது. அந்த நெகிழ்வில் தற்காப்புக் கலையின் சாயலைக் காணாதார் இலர்.

நம் நாட்டில் ஹைதராபாத்தின் ஆசிரியர் சையது அப்துர் ரஹீமை எண்ணிப் பாருங்கள். அவர் தற்காப்புக் கலை கற்பித்தவரல்லர். ஆயினும் கம்பு வாத்தியாரின் நெறியே அவருடைய நெறி. பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியுடன் அவர் போட்டிகள் நடத்தினார். இரு கைக்கும் கம்பைப் பழக்குவதும் இதுவும் ஒன்றே. அவரது பயிற்சியில் இந்திய அணி 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. புற்றுநோய் உடலை அரித்துக்கொண்டிருந்த நிலையில்தான் 1962இல் ஜகார்த்தாவில் தம் வீரர்களை வழிநடத்தினார். அடுத்த ஆண்டு ஜூன் 11 அன்று வஃபாத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

வலிமையின் கடைசிப் பாடம்

கால் பழகியது, உடல் உரமேறியது. அத்துடன் பயிற்சி முடிந்துவிடுமா?

2006 ஜூலை 9, பெர்லின். உலகக்கோப்பை இறுதி ஆட்டம். அல்ஜீரியப் பெற்றோரின் மகனான ஸினதீன் ஸிதான் பிரான்சின் தலைவராகக் களத்தில் நின்றார். அவரது வாழ்வின் கடைசி ஆட்டம் அது. தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்திருந்தார். கூடுதல் நேரத்தின் 110ஆம் நிமிடத்தில் எதிரணி வீரர் ஒருவரின் சொல்லுக்குச் சினந்து, அவர் மார்பில் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை பெற்று, பளபளத்த கோப்பையைக் கடந்து தலைகுனிந்தபடி வெளியேறினார். பெனால்டி உதைகளில் பிரான்ஸ் தோற்றது. அந்த நொடியில் அவருக்குக் கால்வலிமை குறையவில்லை.

மற்போரில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், சினம் எழும்போது தன்னை அடக்குபவனே வீரன் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்த்தினார்கள். ருகானாவை வீழ்த்தியவரின் அறிவுரை அது என்பதை நாம் மறக்கலாகாது. வலிமையற்றவர் தமக்குக் கூறிக்கொண்ட ஆறுதலன்று; வென்றவர் கற்பித்த ஒழுக்கம்.

நல்ல கம்பு வாத்தியார் கற்பிப்பதும் இதுவே. ஓங்கிய கம்பை எதிராளியின் மேனியில் படுமுன் நிறுத்தத் தெரிந்தவனே ஆட்டக்காரன். ஆகவே பெற்றோரே, பிள்ளையின் பந்தைப் பறிக்காதீர்கள். தகுந்த ஆசான் அருகில் இருந்தால், வாரத்தில் ஓரிரு நாள் காலடி பழக அனுப்புங்கள். மக்ரிப் பாங்கு ஒலித்ததும் களம் கலையும் பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதை உரமாக்குவதும் அடக்கி ஆள்வதும் நம் கடமை.

உரமும் பொறுமையும் கொண்ட தலைமுறையை அவன் நமக்கு அருள்வானாக. ஆமீன்.