நம் கணக்கும் இறைவன் கணக்கும்



யூபிலி ஆண்டு கணக்குப் பார்க்கும் ஆண்டு. எத்தனை குருக்கள் இங்கு பணிபுரிந்தனர், எத்தனை ஞானஸ்நானங்கள், எத்தனை திருமணங்கள் நடந்தேறின என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து மகிழ்கிறோம். அது தகுதியும் நீதியும் ஆனதே. ஆயினும் அந்தப் பதிவேடுகளில் எழுதப்படாத கணக்கு ஒன்று உண்டு. நாம் போட்ட திட்டங்கள் எத்தனை தவறின, தவறிய இடத்தில் ஆண்டவர் எதைச் செய்து முடித்தார் என்பதே அது.

தன் சொந்த அறிவை ஊன்றுகோலாகக் கொள்ளாமல் முழு உள்ளத்தோடும் ஆண்டவரை நம்பவேண்டும் என்று நீதிமொழிகள் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரம் நமக்குப் புத்தி புகட்டுகிறது. கேட்பதற்கு இனிய போதனை, நடப்பதற்கோ கடினமானது. அதை நடந்து காட்டிய ஒருவருடைய வரலாற்றை இம்மலரில் சற்று விரிவாகச் சிந்திப்போம். அவர்தாம் இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் இலங்கையின் நிலை மிகவும் பரிதாபமானது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று சட்டம் பிறந்தது. ஆயர் இன்றி, குரு இன்றி, திருப்பலி இன்றி மக்கள் ஜெபமாலை ஒன்றையே பற்றிக்கொண்டு வாழ்ந்தனர்.

இச்செய்தி இளங்குருவின் நெஞ்சைச் சுட்டது. உடனே புறப்பட வேண்டும் என்பதே அவரது விருப்பம். ஆனால் மேலிடத்தின் கட்டளை வேறாயிருந்தது. 1681இல் அவர் கன்னட நாட்டு மறைப்பணிக்குத் தலைவராக அனுப்பப்பட்டார். அங்கே கோவாத் திருச்சபை அதிகாரத்திற்கும் உரோமையின் நேரடிப் பிரதிநிதிக்கும் இடையே பிணக்கு நிலவிய காலம் அது. இலங்கையில் ஆடுகள் மேய்ப்பனின்றிக் கிடக்க, நாம் இங்கே வழக்குத் தீர்த்துக்கொண்டிருப்பதா என்று அவருடைய இடத்தில் நாம் இருந்தால் முறையிட்டிருப்போம். அவரோ கீழ்ப்படிந்து மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்தார்.

1684இல் கோவா திரும்பியபோதும் உடனே புறப்பட இயலவில்லை. அங்கே சில உள்நாட்டுக் குருக்கள் கூடி, ஒரு குடும்பமாய் வாழத் தலைப்பட்டிருந்தனர். 1685இல் அடிகளார் அவர்களோடு சேர்ந்தார். அவர்களும் அவரையே தலைவராக்கிக்கொண்டனர். இதுவே கோவாவின் ஒரத்தோரியன் சபை. இலங்கைக்குப் போகத் துடித்தவருக்கு இதுவும் ஒரு தாமதமாகவே தோன்றியிருக்கக்கூடும். ஆனால் பின்னாளில் இலங்கைக்குக் குருக்களை அனுப்பிய ஊற்று இச்சபையேதான். 1681இலேயே தன் கணக்குப்படி அவர் தனியாகச் சென்றிருந்தால், அவரோடு அவருடைய பணியும் முடிந்திருக்கக்கூடும். தாமதம் என்று நாம் நினைக்கும் காலத்தில் இறைவன் வேர் விடச் செய்கிறார்.

1686இல் அவர் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்னும் உண்மையுள்ள உதவியாள் ஒருவரே துணை. தூத்துக்குடி வழியாக, கூலியாளைப் போல் வேடமிட்டு, 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு சாகும் தறுவாயில் கிடந்தார். பிழைத்தெழுந்தபின், கழுத்தில் ஜெபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். ஜெபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் யார், விலகியவர் யார் என்று கவனித்து, மறைந்து வாழ்ந்த விசுவாசிகளை அடையாளம் கண்டார். தமிழ் கற்றார். சில்லாலை என்னும் ஊரில் தங்கி, இரவு வேளைகளில் திருப்பலியும் தேவதிரவிய அனுமானங்களும் நிறைவேற்றினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறைவனை நம்புவது என்றால் அறிவைக் கட்டி வைத்துவிடுவது என்று சிலர் எண்ணுகின்றனர். அடிகளார் அப்படிச் செய்யவில்லை. வேடம் புனைந்தார், மொழி கற்றார், எச்சரிக்கையோடு நடமாடினார். அறிவு இறைவன் தந்த கொடை. அதைக் கொண்டு நடக்கலாம். அதன்மேல் சாய்ந்து நிற்கலாகாது. அது முறியும்போது நாமும் விழுந்துவிடுவோம்.

அவருடைய அறிவும் ஒருநாள் முறிந்தது. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருவிழாவுக்குக் கூடிய மக்களை ஒல்லாந்த அதிகாரிகள் வளைத்துப் பிடித்தனர். பலர் சிறைப்பட்டனர், சிலர் கொடுமையாக அடிக்கப்பட்டனர், ஒருவர் அந்த அடியாலேயே உயிர் துறந்தார். குருவானவரோ தப்பினார். தம் பொருட்டு மக்கள் அடிபட, தாம் மட்டும் தப்பி வாழ்வது ஒரு மேய்ப்பனுக்கு எத்தகைய வேதனை! அந்த எளிய மக்கள் பட்ட அடியை, இது இறைவன் போட்ட திட்டம் என்று சொல்லிவிட நமக்கு வாய் எழவில்லை. தீமை தீமையே. ஆயினும் தீமை செய்தவர்கள் கடைசிச் சொல்லைச் சொல்லவில்லை என்பதையே வரலாறு காட்டுகிறது.

யாழ்ப்பாணத்தில் இனி நடமாட முடியாத அடிகளார், 1690இல் கண்டி அரசருக்கு உட்பட்ட புத்தளம் சென்றார். அங்கிருந்து 1692இல் கண்டி மாநகரை நோக்கிப் புறப்பட்டார். அரசரின் ஆதரவைப் பெறலாம் என்பது அவரது எண்ணம். நடந்ததோ நேர்மாறு. போர்த்துக்கீச ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். மீண்டும் ஒரு கதவு சாத்தப்பட்டது.

அந்தச் சிறையில் அவர் என்ன செய்தார்? சிங்களம் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் சிறு குடிலொன்று அமைத்து அதில் பீடம் எழுப்பினார். கண்டியில் இருந்த கிறிஸ்தவர்கள் அங்கே அவரைத் தேடி வந்தனர். ஒல்லாந்தர் கை எட்டாத ஒரே இடம் கண்டி அரசு. அவரைக் கைதியாக்கியவர்கள், தாம் அறியாமலேயே, அவருக்குப் பாதுகாப்பான கோயிலைத் தந்தனர். நாளடைவில் அவருடைய ஒழுக்கத்தைக் கண்ட இரண்டாம் விமலதர்மசூரியன் என்னும் பௌத்த அரசர் மனம் இளகினார். கடும் வறட்சிக் காலத்தில் அடிகளார் பீடம் அமைத்துச் செபிக்க மழை பொழிந்தது என்றும், அதன்பின் நாடெங்கும் போதிக்க அனுமதி கிடைத்தது என்றும் அவரது வரலாறு கூறுகிறது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. கைவிடப்பட்ட நோயாளிகளை, எம்மதத்தினர் என்று பாராமல், கோவாவிலிருந்து வந்து சேர்ந்த துணைக் குருவோடு சேர்ந்து அவர் பேணினார். இறந்தோரை அடக்கம் செய்தார். 1705இல் வந்த சாங்கோபாங்க சுவாமி தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்கள் இலங்கைத் திருச்சபைக்கு உரமாயின. அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். தடைச் சட்டங்கள் நீங்கி, கத்தோலிக்கருக்கு முழு உரிமை கிடைத்தது 1806இல், ஆங்கிலேயர் ஆட்சியில்தான். அவர் விதைத்தார், அறுவடையை அவர் கண்கள் காணவில்லை. 1995 ஜனவரி 21ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் புனிதராகவும் அறிவித்தனர்.

அன்பர்களே, அடிகளாருக்கு வழிகாட்ட வானத்திலிருந்து குரல் கேட்டதாக நாம் வாசிப்பதில்லை. மேலதிகாரியின் கட்டளை, மக்களின் தேவை, சாத்தப்பட்ட கதவு, இடைவிடாத செபம் ஆகியவற்றின் வழியாகவே இறைவன் அவரை நடத்தினார். நமக்கும் இவையெல்லாம் உண்டு. மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, மகளுக்கு வரன் அமையவில்லை, நோய் தீரவில்லை என்று நம்மிடம் வந்து கண்ணீர் விடுவோர் பலர். இறைவன் ஏன் இப்படிச் செய்கிறார் என்று கேட்கின்றனர். ஏன் என்று நமக்கும் தெரியாது. சிறையில் இருந்தபோது யோசப் வாஸ் அடிகளாருக்கும் தெரிந்திருக்காது. அன்றைய செபத்தை அன்று சொன்னார். அன்றைய கடமையை அன்று செய்தார். மற்றதை ஆண்டவர் கையில் விட்டார்.

இந்த யூபிலி ஆண்டில் நாமும் பல திட்டங்கள் வகுத்திருக்கிறோம். அவற்றிற்காக உழைப்போம். நிறைவேறினால் நன்றி கூறுவோம். நிறைவேறாவிட்டால், ஆண்டவர் நம்மைக் கைவிட்டார் என்று சொல்லாமல், இந்த இடத்தில் இன்று செய்ய வேண்டியது என்ன என்று அவரிடமே கேட்போம். அந்தக் கேள்வியை நாம் மறவாதிருந்தால், இப்பங்கின் அடுத்த யூபிலியைக் கொண்டாடப்போகும் நம் பேரப் பிள்ளைகள், நம் கணக்கில் வராத நன்மைகளைக் கண்டு இறைவனைப் புகழ்வார்கள்.

புனித யோசப் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத் தந்தை