கிளாரண்டனை வெட்டின கை

நோட்ஸ் அடிக்கும்போது முக்கியமான சொல்லை ஒரு தட்டில 'போல்ட்' ஆக்கிவிடுகிறோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கொழுத்த எழுத்துகள் இருந்தனதான். ஆனால் அவை சுவரொட்டிக்கானவை, புத்தகத்துக்குள் போட்டால் பக்கமே குழம்பிப்போகும்.

1845இல் ராபர்ட் பெஸ்லியின் எழுத்து வார்ப்பகம் 'கிளாரண்டன்' எழுத்துருவை வெளியிட்டது. நுனிகளில் கனத்த பாதக்கோடுகள். தடிப்பானது, எண்டாலும் சாதாரண எழுத்துக்குப் பக்கத்தில ஒரே வரியில் அடங்கி நிற்கும். அகராதித் தலைச்சொல்லுக்கு வேறென்ன வேணும்?

பெஸ்லி அதைச் சட்டப்படி பதிவுசெய்தார். கிடைத்த பாதுகாப்பு 3 வருசம்தான். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் பிரதியெடுத்துத் தள்ளின. பிறகு ஆங்கில அச்சகங்களில் 'கிளாரண்டன்' எண்டாலே தடித்த எழுத்து எண்டாகிவிட்டது.

பெஸ்லி 1869இல் லண்டன் மேயரானார். எங்களுக்கு உறுத்துவது வேறொரு பேர்: அந்த எழுத்தை உருக்கில் வெட்டியவர் பெஞ்சமின் ஃபொக்ஸ்.