ஜென்னி லிண்ட் அம்மையார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜென்னி லிண்ட் என்னும் பாடகியின் பெயரை அறியாதார் மிகச் சிலரே. மேனாட்டார் அவரை ‘ஸ்வீடன் நாட்டு நைட்டிங்கேல்’ என்று அழைத்தனர். நைட்டிங்கேல் என்பது இரவிலும் பாடும் இயல்புடைய சிறு பறவை. நமக்குக் குயில் எப்படியோ அப்படி அவர்களுக்கு அப்பறவை. கையுறைக்கும் தொப்பிக்கும் கூட வணிகர் அவர் பெயரைச் சூட்டினர். 1847 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கட்டப்பெற்ற ஒரு வகை ரயில் எஞ்சினுக்கும் அவர் பெயரே வாய்த்தது. இத்தகைய புகழ் பெற்றவர் ஒரு காலத்தில் குரலை முற்றும் இழந்து நின்றார் என்பதும், அதனை மீட்டுக்கொள்ள மீண்டும் மாணவியாய் அமர்ந்தார் என்பதும் அவர் வாழ்க்கையில் நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்திகளாகும்.

அவர் பயின்ற கலையைப் பற்றி முதலில் சில சொற்கள் கூறுதல் வேண்டும். ‘ஆப்பெரா’ என்பது மேனாட்டு இசை நாடகம். அதில் உரையாடலும் பெரும்பாலும் பாட்டாகவே அமையும். மேடைக்கு முன்னே பல்லியக் குழுவினர் அமர்ந்து வாசிப்பர். பாடுவோர் அவ்வளவு வாத்தியங்களின் ஒலியையும் தாண்டி, அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்குமாறு பாடுதல் வேண்டும். ஒலிபெருக்கி என்பது அக்காலத்தில் இல்லை. பெண் குரல்களுள் மிக உயர்ந்த ஸ்தாயியில் பாடும் குரலைச் ‘சொப்ரானோ’ என்பர். கதைத் தலைவியின் பங்கு பெரும்பாலும் இக்குரலுக்கே உரியது. ஆகவே சொப்ரானோப் பாடகியின் தொண்டை அடையும் உழைப்பு எத்தகையது என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஜென்னி 1820 ஆம் ஆண்டு அக்டோபர் 6 ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். அன்னையார் வீட்டிலேயே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தி வந்தவர். தந்தையார் கணக்கெழுதும் தொழிலினர். பெற்றோர் முறைப்படி மணம் செய்துகொண்டது ஜென்னி வளர்ந்த பின்னரே. இல்லத்தில் வறுமையும் இருந்தது, அமைதியின்மையும் இருந்தது. ஒன்பது வயதுச் சிறுமி சன்னலருகில் அமர்ந்து தன் பூனைக்குட்டிக்குப் பாடிக்கொண்டிருந்ததை, அரசு நாடக சாலையின் நடன மாது ஒருவருடைய பணிப்பெண் தெருவில் கேட்டாள் என்றும், அவள் போய்ச் சொன்னதன் பேரில் அச்சிறுமியை நாடக சாலைக்கு அழைத்துச் சென்றனர் என்றும் கூறுவர். அங்குப் பாட்டு ஆசிரியராய் இருந்த கிரேலியஸ் என்பவர் சிறுமியின் குரலைக் கேட்டு வியந்தார். அதன் பின் ஜென்னி நாடக சாலையின் செலவிலேயே வளர்ந்து கல்வி பெற்றார். பாட்டு, நடிப்பு, நடனம் அனைத்தும் அங்கேயே பயின்றார்.

1838 ஆம் ஆண்டு மார்ச் 7 ஆம் நாள், வெபர் என்னும் ஜெர்மானிய இசை ஆசிரியர் இயற்றிய ‘டெர் பிரைஷூட்ஸ்’ என்னும் இசை நாடகத்தில் ஆகதே என்னும் பாத்திரத்தை ஏற்று ஜென்னி மேடை ஏறினார். அப்போது அவருக்கு வயது 17. ஒரே இரவில் ஸ்டாக்ஹோம் நகரம் அவரைத் தன் செல்வமாக ஏற்றுக்கொண்டது. இருபது வயதிற்குள் அரசவைப் பாடகி என்னும் பட்டமும், இசைப் பேரவையில் உறுப்பினர் பதவியும் கிட்டின.

ஆனால் இந்த வெற்றியே அவருக்குத் தீங்காய் முடிந்தது. ஒரு பாத்திரம் முடியுமுன் மற்றொன்று. நாடக சாலையில் ஓய்ந்தால் வெளியூர்க் கச்சேரி. மேலும் கற்க வேண்டும், பாரிஸ் நகரம் செல்ல வேண்டும் என்னும் ஆவல் அவருக்கு இருந்தது. அதற்குரிய பொருளைச் சேர்க்க ஸ்வீடனின் ஊர்தோறும் சென்று பாடினார். மூச்சை ஆளும் முறையை அவருக்கு யாரும் செவ்வனே கற்பித்திருக்கவில்லை. இளமையின் வலிமையைக் கொண்டே பாடி வந்தார். கல்விக்காகப் பொருள் தேடிய அந்த உழைப்பே கல்விக்குக் கருவியான குரலைத் தேய்த்துவிட்டது.

1841 ஆம் ஆண்டு அவர் பாரிஸ் சென்று மானுவல் கார்சியா என்னும் ஆசிரியர் முன் நின்றார். அக்காலத்துப் பாட்டு ஆசிரியர்களுள் கார்சியா தலை சிறந்தவர். அவர் முன் பாடத் தொடங்கிய ஜென்னியின் குரல் இடையே முறிந்தது. கார்சியா முகமன் கூறவில்லை. இனிக் கற்பிப்பதில் பயனில்லை, குரல் போய்விட்டது என்னும் கருத்தையே தெரிவித்தார். தம் நாட்டில் அரசவைப் பாடகியாய் விளங்கிய பெண்ணுக்கு அச்சொல் எவ்வாறு இருந்திருக்கும்! கண்ணீரோடு மீண்டும் வேண்டிக்கொண்ட பின், அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: ஆறு வாரங்கள் ஒரு சுரமும் பாடலாகாது, பேச்சையும் இயன்ற அளவு குறைத்தல் வேண்டும், அதன் பின் வந்தால் பார்க்கலாம்.

அயல் நாட்டில், தாய்மொழியில் பேசுவாரும் அரிதான ஊரில், அந்த ஆறு வாரங்களையும் ஜென்னி மௌனமாகக் கழித்தார். திரும்பி வந்தபோது குரலில் சிறிது தெளிவு கண்ட கார்சியா அவரை மாணவியாய் ஏற்றார். வாரம் இருமுறை பாடம். முதற்பாடம் என்ன? நம்மவர் சரளி வரிசை என்று குழந்தைகளுக்குத் தொடங்கி வைக்கும் அதே படிதான். சுரங்களை ஏற்றமும் இறக்கமுமாக, மிக மெதுவாக, மிகக் கவனத்துடன் பாடுவது. முழுப் பாத்திரங்களைப் பாடிக் கைதட்டல் பெற்ற பெண், தாம் அறிந்தவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு அடியிலிருந்து தொடங்கினார். மூச்சை எங்கே நிறுத்துவது, தொண்டையை இறுக்காமல் ஒலியை எவ்வாறு எழுப்புவது என்பவற்றை ஏறத்தாழ ஓர் ஆண்டு பயின்றார்.

இந்தக் கார்சியா வெறும் அனுபவத்தை மட்டும் நம்பியவர் அல்லர். குரல் பிறக்கும் இடத்தைக் கண்ணால் காண விரும்பி, 1854 ஆம் ஆண்டு ஒரு சிறு கண்ணாடியைத் தொண்டையினுள் வைத்து, சூரிய ஒளியைச் செலுத்தித் தம் குரல்வளை நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். பிற்கால மருத்துவர்களின் குரல்வளைச் சோதனைக்கு அதுவே வழிகாட்டியது. நாண்கள் மெல்லிய தசைகள். மிகையாய் உரசினால் வீங்கும். வீக்கம் தணிய ஓய்வு இன்றியமையாதது. 1841 இல் அவர் விதித்த மௌனம் தண்டனை போலத் தோன்றினும் உண்மையில் தக்க மருத்துவமாகவே இருந்தது. பள்ளியில் மாணவன் ஒருவன் பின்தங்கும்போது மேலும் மேலும் பாடத்தைச் சுமத்தும் ஆசிரியர் உளர். நிறுத்தி, இளைப்பாறச் செய்து, பிழைபட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும் ஆசிரியர் அரியர். ஜென்னி அத்தகைய அரிய ஆசிரியரை அடைந்தார். அவர் சொற்படி நடக்கும் அடக்கமும் அவரிடம் இருந்தது.

1842 இல் ஸ்டாக்ஹோம் திரும்பியவர் பழைய ஜென்னி அல்லர். நடு ஸ்தாயிச் சுரங்களில் சிறிது மங்கல் எஞ்சியிருந்ததாக அவரைக் கேட்டவர்கள் எழுதினர். மேல் ஸ்தாயியோ மாசற்ற ஒளியுடன் விளங்கியது. 1843 இல் டென்மார்க்கில் பாடினார். அங்கே கதையாசிரியர் ஆண்டர்சன் அவரிடம் உள்ளத்தைப் பறிகொடுத்தார். ஜென்னி அவரை உடன்பிறந்தாராகவே கருதினார். பொன்னாலும் மணியாலும் செய்த இயந்திரப் பறவையையும் காட்டிலிருந்து வந்த உயிர்ப் பறவையையும் ஒப்பிட்டு ஆண்டர்சன் எழுதிய புகழ்பெற்ற கதைக்கு ஜென்னியின் பாட்டே தூண்டுதல் என்பர். 1844 இல் பெர்லின், 1845 இல் லைப்சிக், 1846 இல் வியன்னா என நகரங்கள் ஒவ்வொன்றும் அவரை வரவேற்றன. லைப்சிக் நகரில் இசை மேதை மெண்டல்சோன் அவருக்கு உற்ற நண்பரானார். 1847 மே 4 ஆம் நாள் லண்டனில், விக்டோரியா அரசியார் முன்னிலையில், மேயர்பீர் இயற்றிய ‘ராபர்ட்’ என்னும் இசை நாடகத்தில் ஆலிஸ் என்னும் பாத்திரமாகத் தோன்றினார். அதே ஆண்டு ஜூலையில் இத்தாலிய மேதை வெர்டி, ‘இ மஸ்நாதியேரி’ என்னும் தம் புதிய நாடகத்தை லண்டனில் தாமே நடத்தி அரங்கேற்றியபோது தலைவியாய்ப் பாடியவர் ஜென்னியே.

புகழின் உச்சியில் நின்ற அவர், 1849 மே 10 ஆம் நாள் அதே ‘ராபர்ட்’ நாடகத்தோடு இசை நாடக மேடையை விட்டு முற்றும் விலகினார். அப்போது வயது 28. நாடக வாழ்க்கையின் ஆரவாரம் அவருடைய ஆழ்ந்த சமயப் பற்றுக்கு ஒவ்வாததாயிற்று. அதன் பின் கச்சேரிகளிலும் சமய இசையிலும் மட்டுமே பாடினார். 1847 நவம்பரில் மெண்டல்சோன் 38 வயதிலேயே மறைந்தது அவருக்குப் பேரிடி. ‘எலியா’ என்னும் தம் பெரிய படைப்பில் சொப்ரானோப் பங்கை மெண்டல்சோன் ஜென்னியின் குரலை மனத்திற்கொண்டே எழுதியிருந்தார். நண்பர் மறைந்து ஓராண்டு கடந்த பின்னரே, 1848 டிசம்பரில், லண்டனில் அதைப் பாட அவருக்கு மனம் துணிந்தது. அக்கச்சேரியில் திரண்ட 1,000 பவுன், மெண்டல்சோன் பெயரால் இளம் இசை மாணவர்க்கு உதவித் தொகை வழங்கும் நிதியாயிற்று. 1856 இல் அதனை முதன்முதலாகப் பெற்றவன் 14 வயதுச் சிறுவன். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெரிய இசை ஆசிரியராய் விளங்கிய ஆர்தர் சல்லிவனே அச்சிறுவன்.

இனி அமெரிக்கப் பயணம். வேடிக்கைக் காட்சிகள் நடத்திப் பெரும் பொருள் ஈட்டிய பார்னம் என்பவர் ஜென்னியை அழைத்தார். அவர் ஜென்னியின் பாட்டை அதுவரை கேட்டதே இல்லை! 150 கச்சேரிகள், கச்சேரி ஒன்றுக்கு 1,000 டாலர், செலவு வேறு என்பது பேச்சு. ஜென்னி ஏமாறுபவர் அல்லர். உறுதிப் பணமாக 187,500 டாலரை முன்னதாகவே செலுத்துமாறு கேட்டார். பார்னம் கடன் வாங்கியும் சொத்தை ஈடு வைத்தும் அதைச் செலுத்தினார். இவ்வளவு கண்டிப்பு எதற்கு? ஸ்வீடனில் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளிகள் அமைக்கும் எண்ணம் அவருக்கு இருந்தது.

1850 செப்டம்பர் 1 ஆம் நாள் கப்பல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தபோது பல்லாயிரவர் கூடி நின்றனர். பார்னம் மாதக்கணக்கில் செய்த விளம்பரத்தின் விளைவு அது. முதற் கச்சேரியின் முதல் சீட்டு ஏலத்தில் 225 டாலருக்குப் போயிற்று. முதற் கச்சேரிகளில் தமக்குக் கிடைத்ததை ஜென்னி அந்நகரத்து அற நிலையங்களுக்கே வழங்கினார். ஆயினும் சீட்டு ஏலமும் இடைவிடா விளம்பரமும் அவருக்குக் கசந்தன. 90-க்கும் மேற்பட்ட கச்சேரிகளுக்குப் பின், 1851 இல் பார்னத்தின் தொடர்பை ஒப்பந்தப்படி முறித்துக்கொண்டு தாமே கச்சேரி நடத்தினார். 1852 பிப்ரவரியில் பாஸ்டன் நகரில், தமக்குப் பியானோ வாசித்த ஓட்டோ கோல்ட்ஷ்மிட் என்பவரை மணந்தார்.

அவ்வளவு புகழும் விளம்பரத்தால் வந்ததே என்று கூறுவாரும் உண்டு. அதில் ஓரளவு உண்மை உளது. பாட்டைக் கேளாதவரையும் கடற்கரைக்கு இழுத்தது விளம்பரமே. ஆனால் அதற்கு முன்பே மெண்டல்சோனும் வெர்டியும் அவரைத் தேர்ந்தது விளம்பரத்தைக் கண்டன்று. கூட்டத்தைச் சேர்ப்பது வேறு. கேட்டறிந்தவர் மதிப்பைப் பெறுவது வேறு. இவ்விரண்டின் வேறுபாட்டை ஜென்னி நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்குப் பார்னத்தை விட்டு விலகியதே சான்றாகும்.

பின்னர் இங்கிலாந்தில் குடியேறி, மூன்று குழந்தைகளுக்குத் தாயானார். 1876 இல் அவர் கணவரின் தலைமையில் லண்டனில் இயங்கிய பாக் இசைக்குழு, பாக் இயற்றிய பி மைனர் வழிபாட்டு இசை முழுவதையும் அந்நாட்டில் முதன்முதலாகப் பாடியது. அக்குழுவின் சொப்ரானோப் பெண்களைப் பயிற்றியவர் ஜென்னி. அவர்களோடு ஒருவராய் வரிசையில் நின்றும் பாடினார். உலகம் போற்றிய பாடகி குழுவில் ஒரு குரலாய் நின்றது, அன்று பாரிஸில் சரளி வரிசை பாடிய அதே அடக்கத்தின் மற்றொரு வடிவமாகும். 1883 இல் லண்டனில் அரசு இசைக் கல்லூரி தொடங்கியபோது பாட்டுப் பேராசிரியராய் அமர்ந்தார். குரல் மட்டும் போதாது. சுரஞானம், பியானோ, உச்சரிப்பு, நிற்கும் முறை, அயல்மொழி ஒன்று ஆகியவையும் மாணவியர் கற்றல் வேண்டும் என்று வற்புறுத்தினார். கல்வியின்றிக் குரலை மட்டும் செலவிட்டால் என்ன நேரும் என்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்?

1887 நவம்பர் 2 ஆம் நாள், மால்வர்ன் குன்றுகளில் உள்ள தம் இல்லத்தில், 67 வயதில் அவர் மறைந்தார். 1894 இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் அமைத்தனர். 1996 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஸ்வீடனின் 50 குரோனர் நோட்டில் அவர் உருவம் இடம்பெற்றிருந்தது.

ஒலிப்பதிவுக் கருவி அவர் காலத்திலேயே பிறந்துவிட்டது. எனினும் அவர் குரலில் ஒரு சுரமும் நமக்குக் கிடைக்கவில்லை. பாடகர் பலரின் குரலை அவர்தம் மறைவுக்குப் பின்னும் வானொலியில் கேட்டு மகிழும் நமக்கு இது பெருங்குறையே. ஆனால் தம் செல்வத்தில் பெரும் பகுதியை அவர் ஸ்வீடனின் ஏழை மாணவர் கல்விக்கு எழுதி வைத்தார். தம் தொண்டை எவ்வளவு நொய்யது என்பதை 20 வயதிலேயே கண்டவர், அதில் பிறந்த பொருளை நிலைத்து நிற்கும் இடத்தில் வைத்துச் சென்றார். குரல் காற்றோடு போயிற்று; அக்குரல் ஈட்டிய கல்வி தலைமுறைகளுக்குப் பயன்பட்டது.